மூன்று பேருக்கு நான்கு துண்டு

சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கும் கடைகளில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. மூன்று பேர் போனால் தட்டில் நான்கு துண்டு இருக்கும். நான்கு பேர் போனால் ஐந்து. அந்த மிச்சத் துண்டை யார் எடுப்பது என்று எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "நீங்க எடுங்க", "ஐயோ இல்ல, நீங்க எடுங்க" என்று ஒரு நாடகம் நடக்கும். அதற்குள் அது ஆறிப்போய்விடும். பசிக்கிறது என்று வந்தவனை இப்படிச் சோதிப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல். அந்தத் தாய்லாந்து உணவகத்தைத் தேர்ந்தெடுத்தவன் என் மைத்துனன். நான் தேர்ந்தெடுத்திருந்தால் ஆளுக்கு ஒரு தட்டு, அவரவர் அளவு என்று முடிந்திருக்கும். பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எதையும் வரிசையாகச் சொல்வது என் பழக்கம், அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேனுக்குக் கை காட்டுபவன் நான். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கீழே கொக்கியில் தொங்கும் சுமை எதில் இடிக்கப்போகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அவர் என் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்குவார். கீழே நீட்டிச் சுற்றினால் இறக்குவார். ஒரு கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்திவிடுவார். எட்டு டன் இரும்பு அந்தரத்தில் அப்படியே நிற்கும். எங்கள் தொழிலில் ஒரு சுமைக்கு ஒரு கைதான். இரண்டு பேர் கை காட்ட ஆரம்பித்தால் யாராவது ஒருவர் நசுங்கிப் போவார். பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் சுமை ஒன்றுகூட யார் மேலும் பட்டதில்லை.

இனி என் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் நன்றாகச் சாப்பிடுவாள். குறையாகச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பாள், புரையேறி இருமுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிப்பாள். பார்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒருமுறை மருத்துவர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றார். அவளிடம்தான் சொன்னார், ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான். கட்டியவனுக்குப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா. அன்றைக்கே அவள் இரண்டாவது தடவை சோறு எடுக்கப் போனபோது நான் வாய் திறக்காமல் கையை நீட்டி வீசினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் என்ன கிரேனா?" என்றாள். நானும் சிரித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வாரம் முழுவதும் சமையலறையில் நின்று எல்லாச் சைகைகளையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டாகத்தான். அவளும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். உங்கள் காகிதத்தில் வன்முறை என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் இப்படிச் சிரிப்போடுதான் ஆரம்பித்தது.

பிறகு மெல்ல மெல்ல அது சாப்பாட்டைத் தாண்டிப் போனது. தோழியோடு தொலைபேசியில் அதிக நேரம் பேசினால் கை. பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலில் நின்று வம்பளந்தால் கை. சிரிப்பு அளவுக்கு மீறினால் கை. நான் ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. பெண்டாட்டியைச் சத்தம் போடுகிற ஆண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் சத்தமே கேட்காது; வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்போம். கல்யாணத்தின்போது அறுபத்தெட்டு கிலோ. போன மாதம் நாற்பத்தொன்று. சர்க்கரை ஒழுங்காகிவிட்டது. யாரும் என்னைப் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கை காட்டியும் அவள் நிற்காத சந்தர்ப்பம் உண்டா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை. மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். கை காட்டினேன். நிற்கவில்லை. கதவை அடைத்தேன். அவள் விரல் நடுவில் இருந்தது. அடைத்தது நான்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதலில் கை காட்டினேன், பிறகுதான் அடைத்தேன். அந்த வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று ஐஸ் குச்சியை ஒடித்து வைத்து நானே கட்டிவிட்டேன். வலது கை மோதிர விரல். கொஞ்சம் கோணலாகக் கூடியது, பாதகமில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் மீறியதில்லை. அவள் மேல் நான் கை நீட்டியதே கிடையாது. அவளுக்கு முன்னால் நீட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அவளுக்குக் கூடப் பிறந்தவன் ஒருவன்தான். அவர்கள் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். ஆள் ஆறடி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்காமலேயே அடுத்தவர் எலும்பைப் பற்றிப் பேசுவார்கள். தெருவில் நடந்து போகிறவரைக் காட்டி, "இவருக்கு முழங்கால் காலி" என்பான். ஏழு வருடம் வேறு நாட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பி வந்தான். வந்த மறுநாளே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவாள், எங்கள் வீட்டு வழக்கம் அது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெளில சாப்பிடலாம். புதுசா ஒரு தாய்லாந்து சாப்பாட்டுக் கடை, அள்ளுது. அத்தானையும் கூட்டிட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். மறுத்திருக்கலாம். மறுத்தால் நேரே வீட்டுக்கு வந்து நிற்பான், வந்தால் நாள் கணக்கில் டேரா போடுவான். யோசித்துச் சரி என்றேன். நான் விட்டுக்கொடுக்காதவன் என்று அவன் சொன்னானாமே, இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு அவள் அலமாரியிலிருந்து எடுத்த நல்ல உடை பழைய அளவு. இடுப்பில் இரண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கொண்டாள். மேலே ஒரு சால்வையைச் சுற்றினாள். "எனக்கு எதிர் நாற்காலியில உக்காரு" என்று கிளம்பும்போதே சொல்லிவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கை தெரியாது.

இடம் சுத்தமாகத்தான் இருந்தது. ஒடுங்கிய நீள அறை. ஒரு கோடியில் வாசல், மறுகோடியில் கண்ணாடி இல்லாத திறந்த சமையல்கட்டு. அடுப்பில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கும். எலுமிச்சை இலையும் மீன் சாறும் கலந்த ஒரு வாடை. மேசைகள் நெருக்கமாக இருந்தன. பக்கத்து மேசைக்காரர் முழங்கை நம் தட்டுக்குள் வந்துவிடும் போல. பரிமாறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. காதில் பென்சில் சொருகியிருந்தார்.

"எல்லாம் சின்னத் தட்டுதான். நடுவுல வெச்சு எல்லாரும் எடுத்துக்கணும்," என்றார். "வரிசையெல்லாம் கிடையாது. ஆக ஆக வந்துகிட்டே இருக்கும். போதும்னா கையைக் காட்டுங்க, நிறுத்திடறேன்."

எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப் போயிற்று.

முதலில் குச்சியில் குத்திச் சுட்ட கோழி வந்தது. நான்கு குச்சி. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். நான்காவதைச் சின்னவன் எடுத்துக் கேட்காமல் கொள்ளாமல் அவள் தட்டில் வைத்தான். அவள் என் கையைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த கையை நான் இரண்டு விரல்கடை உயர்த்தி லேசாக அசைத்தேன். அவள் குச்சியை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டாள்.

"எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சுடா."

"ஒரு குச்சியிலயா?"

"அவ எப்பவும் கொஞ்சமாத்தான் சாப்பிடுவா, மச்சான்," என்றேன்.

"யாரு, எங்க அக்காவா? சின்ன வயசுல என் தட்டுல இருந்து திருடித் தின்னவ அத்தான் அவ. அம்மா எங்க ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல வெச்சுச் சோறு போடுவாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, அது அனுமதிதான்.

அடுத்து அந்த அம்மா ஒரு கல் உரலைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தார். உள்ளே பச்சை மிளகாய், பூண்டு, சுட்ட கத்திரிக்காய். நாமே இடித்துத் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். காசையும் கொடுத்து வேலையும் செய்ய வேண்டும் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன், அந்த அம்மா சிரித்தார். உரலோடு ஒரு கல் உலக்கை. குட்டையானது, ஒன்றரைச் சாண் இருக்கும், அடிப்பக்கம் பருத்து. எடுத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ. நீங்கள் நிறுத்துப் பார்த்து ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கூட என்று எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கணக்கு அவ்வளவாகத் தப்பாது.

சின்னவன் அதை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தான். "இடிக்கா. அத்தான்னு நெனச்சு இடி," என்றான். அவள் இடித்தாள். ஒரு மிளகாய்த் துண்டு எகிறி அவன் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அப்போது அவள் சிரித்தாள். வாய் விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு வருடம் இருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. எனக்கு முன்னால் வராத சிரிப்பு இவனுக்கு ஒரு மிளகாயில் வந்துவிட்டது. கை காட்டினேன். நின்றது.

ஆனால் உலக்கையைப் பிடித்திருந்த கையைச் சின்னவன் பார்த்துவிட்டான். மோதிர விரலைப் பிடித்து, கணுவைக் கட்டைவிரலால் அமுக்கினான்.

"இது உடைஞ்சு கூடியிருக்கு."

"கதவுல மாட்டிக்கிச்சு," என்றாள்.

"எந்த டாக்டர் பாத்தாரு? இப்படிக் கோணலாவா கட்டுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "எப்பவோ நடந்தது மச்சான், விடு, சாப்பாடு ஆறுது," என்றேன். அவன் விட்டான். விட்டது போல இருந்தான் என்று சொல்வதுதான் சரி.

பிறகு இலை வந்தது. ஒரு பச்சை இலையைக் கூம்பாக மடித்து, உள்ளே வறுத்த தேங்காய், வேர்க்கடலை, இஞ்சி, எலுமிச்சைத் துணுக்கு, மேலே இனிப்பாக ஒரு பாகு. இதைக் கடிக்கக் கூடாதாம். முழுதாக வாயில் போட வேண்டும், அப்போதுதான் எல்லா ருசியும் சேர்ந்து வரும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். இதுவும் நான்கு. நான் ஒன்று, சின்னவன் ஒன்று. அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன், அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

அவள் கண்ணைத் திறந்த அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால் அந்த அம்மா இன்னொரு தட்டோடு வந்தார், இறாலை அரைத்துப் பொரித்த ஏதோ ஒன்று. ஏற்கெனவே மேசையில் இடமில்லை. போதும் என்றால் கையைக் காட்டச் சொன்னவர் அவர்தான். நான் கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, வீசினேன்.

என் மனைவி மெல்லுவதை நிறுத்தினாள். விரலை வாய்க்குள் விட்டு, பாதி மென்றதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அது அவளுக்குக் காட்டியது இல்லை. அந்த அம்மாவுக்குக் காட்டியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான், அதையும் இத்தனை பேர் பார்க்கச் செய்தாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அந்த அம்மா பதறிவிட்டார். "என்னம்மா, பிடிக்கலையா? ஏதாவது தட்டுப்பட்டுச்சா? வேற கொண்டு வரவா?"

"இல்லைங்க, நல்லா இருக்கு," என்றாள் அவள். தட்டின் ஓரத்தில் எச்சில் இலை கிடந்தது. பிறகு என் கையை மறுபடி பார்த்து, அது தனக்கு இல்லை என்று புரிந்துகொண்டு, அதை எடுத்துத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளப் போனாள். சின்னவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையை மேசைக்கு மேலே நீட்டினான். உள்ளங்கை கீழே. மெதுவாக ஒருமுறை வீசினான். நான் செய்தது போலவே, ஆனால் முழங்கை மடங்கியிருந்தது, சரியாக வரவில்லை.

அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. தன் தட்டைத் தானே தள்ளி வைத்தாள்.

"அக்கா," என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது. ஆறடி ஆள் நடு உணவகத்தில் அழுதான். "அக்கா, எத்தனை வருஷமா இப்படி?"

அப்போதும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். "குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்காத மச்சான். அவளுக்குச் சர்க்கரை," என்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டில் மீந்திருந்த நான்காவது இலையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"சாப்பிடுக்கா. யார் கையையும் பாக்காத. என் மூஞ்சியைப் பாத்துச் சாப்பிடு."

ஒரு சுமைக்கு இரண்டு பேர் கை காட்டக் கூடாது என்று சொன்னேனே. நான் கையை நீட்டினேன். தெளிவாக, தோள் உயரத்துக்கு, எதிர்க் கட்டடத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி. அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, என் விரல் நுனியிலிருந்து தோள்வரை பார்த்தாள். பிறகு இலையை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, மூக்கு ஒழுகியது, ஆனாலும் முழுவதையும் மென்று விழுங்கினாள். அவ்வளவு நேரமும் என் கை நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கிரேனின் இரும்புக் கயிறு அறுந்தால் ஒரு சத்தம் வரும் என்பார்கள், நான் கேட்டதில்லை. அன்றைக்கு வேர்க்கடலை நொறுங்கும் சத்தம்தான் கேட்டது.

விழுங்கிவிட்டு அவள் எழுந்தாள். சால்வை நழுவியது, எடுக்கவில்லை. இடுப்பில் குத்தியிருந்த ஊக்குகள் எல்லாருக்கும் தெரிந்தன.

"நான் தம்பியோட போறேன்," என்றாள். என்னிடம் அனுமதி கேட்பது போல இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

அடுத்து நடந்ததை உங்களுக்குப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. நான் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் பக்கத்தில் இருந்தவன்.

உலக்கை உரலில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். சின்னவன் அப்போதுதான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். முதல் அடி அவன் வலது கண்ணுக்கு மேலே விழுந்தது. பானை உடைவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஈரமான மணல் மூட்டையில் அடித்தது போல இருந்தது. அவன் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தான். தட்டுகள் எல்லாம் விழுந்தன. தலையை மறைக்கக் கையைத் தூக்கினான், இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அவனாக இருந்தால் எந்த எலும்பு என்று சொல்லியிருப்பான். சுற்றிலும் கத்தினார்கள். நான் கத்தவில்லை.

மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது அவள் குறுக்கே வந்தாள். அவன் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாயில் இரத்தம் தெறித்திருந்தது, அவனுடையது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் தரையைப் பார்த்தன. இரண்டையும் ஒன்றாக வீசினாள்.

அது அவசர நிறுத்தம். ஒரு கை என்றால் நிறுத்து. இரண்டு கை என்றால், உயிர் போகப்போகிறது, இந்த நொடியே நிறுத்து. அந்தச் சைகைக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. மற்ற எதையும் நான் ஒருவன்தான் காட்டலாம். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். கல் சுமக்கிறவர் காட்டலாம், தெருவில் போகிறவர் காட்டலாம். யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுப்பேன். இதைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுவேன்.

அவள் அதைச் சரியாகக் காட்டினாள். முழங்கை மடங்கவில்லை. கோணலான அந்த விரல்கூட முடிந்தவரை நேராக நின்றது. எனக்குத் தெரியாமல் போய்விட்டது, ஆத்திரத்தில் கவனிக்கவில்லை என்றெல்லாம் நீங்கள் எனக்கு வைத்துக்கொடுத்த வழக்கறிஞர் சொல்லச் சொல்கிறார். வேண்டாம். நான் பார்த்தேன். புரிந்தது.

அவளை அடித்தேன்.

முதல் அடியிலேயே கைகள் இறங்கிவிட்டன. அதற்குப் பிறகு ஒன்று என்று எனக்கு நினைவு. அவள் மேல் மட்டும் நான்கு என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் ஆற அமர எண்ணியிருப்பார், அவர் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது அங்கேயே தெரியும். கிடக்கும் விதத்தைப் பார்த்தாலே சுமை ஓய்ந்துவிட்டது தெரியும்.

கோபத்தில் செய்தீர்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சின்னவனை அடித்தபோது கோபம் இருந்தது. அவன் பிழைத்துக்கொண்டான். ஒரு கண் போய்விட்டது, வலது கையைத் தூக்க முடியவில்லை, ஆனால் பேசுகிறான், சாட்சி சொல்லப்போகிறான். சொல்லட்டும். அவளை அடித்தபோது என்னிடம் கோபம் இல்லை. எழுந்துவிட்டவள் இனி உட்கார மாட்டாள் என்பது தெரிந்தது. அந்தரத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுவிட்டு வேலையை முடித்துவிட்டுப் போக முடியாது. இறக்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு நிதானமாக இருந்தேன் என்றால், முடிந்த பிறகு உலக்கையைத் துடைத்து உரலுக்குள் வைத்தேன். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா சமையல்கட்டு வாசலில் தட்டோடு அப்படியே நின்றிருந்தார். தண்ணீர் கேட்டேன். அவர் அசையவில்லை. நான் கை காட்டக்கூட இல்லை.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அடி, இடம், நேரம் எதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொலை என்ற சொல்லும் இருக்கட்டும், அது உங்கள் தொழில் சொல். ஒரே ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். இரண்டாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. "கணவரைப் பிரிந்து சென்ற மனைவியை" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மேசையிலிருந்து வாசலுக்குப் பதினான்கு அடி தூரம். நீங்களே அளந்து படம் போட்டிருக்கிறீர்கள், எந்த இடத்தில் கிடந்தாள் என்று சுண்ணாம்புக் கோடும் இருக்கிறது. வாசல் பக்கம் ஒரு எட்டுகூட அவள் எடுத்து வைக்கவில்லை. பேனாவைக் கொடுங்கள், நானே அடித்துவிட்டு எழுதுகிறேன்: என் மனைவி என்னை விட்டுப் போகவில்லை.